பள்ளியும் பொதுவுடைமை மென்பொருளும்: நாம் யாருடைய நிலத்தில் நிற்கிறோம்?



சென்ற ஆண்டு இறுதியில், பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். "இந்தாங்கம்மா, பதினேழு வருஷமா நான் தயாரிச்ச கேள்வித்தாள், இலக்கணப் பயிற்சி, மாதிரிக் கட்டுரை எல்லாம் இதுல இருக்கு. புள்ளைங்களுக்குப் பயன்படட்டும்" என்றார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. மறுநாளே ஐந்தாம் படிவ மாணவர்கள் முன்னால் திரையில் திறந்தேன். வந்தது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஏதோ ஒன்று. "டீச்சர், இது என்னா மொழி?" என்று ஒரு மாணவன் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், மனத்துக்குள் சிரிப்பு வரவில்லை. பதினேழு ஆண்டு உழைப்பு கையில் இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தனர். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தனர். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும்; இல்லாவிட்டால் கோழி கிறுக்கியது மாதிரிதான். ஐயா பயன்படுத்திய எழுத்துரு இப்போது விற்பனையில் இல்லை. பழைய குறுந்தட்டும் புதிய கணினியில் ஓடவில்லை. கோப்பு ஐயாவுடையது, அதன் சாவியோ வேறொருவரிடம் போய்விட்டது.

இந்த ஒரு சம்பவம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அரசாங்கமும் பொதுக் கல்வியும் பயன்படுத்தும் மென்பொருள் யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்? இது கணினி ஆசிரியர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

தோட்டத்து மண்ணில் நின்ற பள்ளிகள்

நம் சமூகத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்து மண்ணில் பிறந்தவை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்று பணித்தது. பள்ளி வந்தது, ஆசிரியர் வந்தார், பிள்ளைகள் படித்தார்கள். நிலம் மட்டும் தோட்டத்துடையதாகவே இருந்தது. இன்றைக்கும் பல தமிழ்ப்பள்ளிகள் முழு அரசாங்கப் பள்ளியாக இல்லாமல் அரசாங்க உதவி பெறும் பள்ளியாக இருப்பதற்கு இந்த நில உரிமைதான் முக்கியக் காரணம்.

நான் படித்த தொடக்கப்பள்ளியும் அப்படிப்பட்டதே. தோட்டம் கைமாறியது, வீடமைப்புத் திட்டம் வந்தது, பள்ளி இடம் மாற வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டுகள் வாடகையே கேட்காத இடம்தான். ஆனால், "காலி செய்யுங்கள்" என்ற ஒரு கடிதம் வந்தபோது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பேச இடமில்லை. இலவசமாக இருந்தது, உரிமையாக இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

இலவசம் வேறு, உரிமை வேறு

மென்பொருளில் நம்மில் பலரும் தடுமாறும் இடமும் இதுவே. "நான் பயன்படுத்துற செயலி ஃப்ரீதானே டீச்சர்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். காசு வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால், அதன் உரிமம் எதை அனுமதிக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் கணினி நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் ஒரு மென்பொருளைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழைக்க நான்கு உரிமைகள் வேண்டும் என்கிறது.

1. எந்த நோக்கத்துக்காகவும் அதை இயக்கிப் பயன்படுத்தும் உரிமை.
2. அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்த்து, நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை. இதற்கு அதன் மூல நிரல் நம் கைக்குக் கிடைக்க வேண்டும்.
3. படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை.
4. நாம் மாற்றி மேம்படுத்தியதையும் பிறரோடு பகிரும் உரிமை.

இந்த நான்கும் இருந்தால், அதை விலைக்கு விற்றாலும் அது கட்டற்ற மென்பொருள்தான். இந்த நான்கும் இல்லையென்றால், சும்மா கொடுத்தாலும் அது தனியுடைமை மென்பொருள்தான். 'திறமூல மென்பொருள்' என்ற சொல்லும் பெரும்பாலும் இதே வகை மென்பொருளையே குறிக்கும். இச்சொல் 1998-இல் புழக்கத்துக்கு வந்தது. முதல் சொல் பயனரின் உரிமையை முன்னிறுத்துகிறது. இரண்டாம் சொல் மூல நிரல் திறந்திருப்பதன் நடைமுறைப் பயனை முன்னிறுத்துகிறது.

'பொதுவுடைமை' என்று தலைப்பில் போட்டிருக்கிறேனே, அரசியலா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். இல்லை. ஊர்க் கிணறு, பொது நூலகம் என்று சொல்கிறோமே, அந்தப் பொருளில்தான் சொல்கிறேன். சட்டப்படி பார்த்தால் இம்மென்பொருள்களுக்கும் காப்புரிமையாளர் உண்டு. அவர் அந்த உரிமையைப் பயன்படுத்தி, "எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பகிரலாம்" என்று உரிமம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

நிலம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சான்று உண்டு. 'ஓப்பன் ஆபிஸ்' என்ற திறமூல அலுவலகத் தொகுப்பைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வளர்த்து வந்தது. 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. திட்டத்தின் எதிர்காலம் குறித்துத் தன்னார்வலர்களுக்குக் கவலை வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே ஆண்டு செப்டம்பரில் மூல நிரலின் படியை எடுத்துக்கொண்டு 'லிப்ரே ஆபிஸ்' என்ற பெயரில் தனியாகத் தொடங்கிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உரிமம் ஏற்கெனவே கொடுத்திருந்தது. தோட்டம் விலைபோனது, ஆனால் பள்ளி நிற்கவில்லை. பயனர்களின் பழைய கோப்புகளும் வீணாகவில்லை.

கேரளா: ஆசிரியர்கள் சுமந்த மாற்றம்

பொதுக் கல்வியில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம் எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தியாவின் கேரள மாநிலம்.

விண்வெளி அறிவியலாளர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, அம்மாநிலம் 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமாயிற்று. தொடக்கத்தில் பாடநூல் ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றியே அமைந்திருந்தது. அப்போது எழுந்த கேள்வி நியாயமானது: அரசாங்கப் பாடநூல் ஒரு தனியார் பொருளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தால், அது பாடமா, விளம்பரமா? ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பினார்கள்.

அதன்பின் படிப்படியாக மாற்றம் வந்தது. லினக்ஸ் அடிப்படையில் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை உருவாக்கினார்கள். மலையாள எழுத்துருக்கள், உள்ளீட்டு முறை, பாடத்துக்குத் தேவையான செயலிகள் எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்தார்கள். 2008 வாக்கில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தது.

2017-இல் இத்திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கழகங்களைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். கணினியைப் பராமரிப்பதில் தொடங்கி அசைவூட்டம், நிரலாக்கம் வரை அதில் மாணவர்களுக்குப் பயிற்சி உண்டு. 2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பை வெளியிட்டபோது, உரிமக் கட்டணமாக ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று கைட் கூறியது. ஒவ்வொரு கணினிக்கும் இணையான தனியுடைமை மென்பொருள் அனைத்தையும் வாங்கியிருந்தால் என்று போட்ட கணக்கு அது. எல்லாப் பள்ளியும் எல்லாவற்றையும் வாங்கியிருக்குமா என்று கேட்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சிறிய தொகை அல்ல.

நமக்குத் தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. கேரளாவின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. இத்தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் அவர்களுக்குத் தமிழிலும் வெளிவருகின்றன. சிறுபான்மை மொழியாக இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். சந்தையில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்க்கும் நிறுவனத்துக்கு நம் மொழி எப்போதும் கடைசி வரிசைதான். மூல நிரல் கையில் இருந்தால், நாமே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். யாரும் தடுக்க முடியாது.

கேரளாவின் வெற்றிக்கு மென்பொருளின் தரம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது அரைகுறை உண்மை. பயிற்றுநர்களைப் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். பள்ளியில் கணினி பழுதானால் ஓடி வந்து பார்க்க ஆள் இருந்தது. ஊர் கூடித் தேர் இழுத்த கதை அது. உரிமத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் மனிதர்களின் திறனுக்குப் போனது.

மூனிக்: போய்த் திரும்பிய நகரம்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். ஆகவே, ஜெர்மனியின் மூனிக் நகரத்தையும் பார்ப்போம்.

2003-இல் மூனிக் நகர மன்றம் தன் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. முடிவுக்கு முன்பே மைக்ரோசாப்ட்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் நேரில் வந்து மேயரைச் சந்தித்துப் பேசினார் என்றால், அந்த முடிவின் கனம் புரியும். 'லிமுக்ஸ்' என்று பெயரிடப்பட்ட அத்திட்டம் பத்து ஆண்டுகள் நடந்து, 2013-இல் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சி கணக்குக் காட்டியது.

ஆனால், 2017-இல் நகர மன்றம் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. வெளி அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை என்ற புகார் ஒரு பக்கம். விண்டோஸில் மட்டுமே ஓடும் சில சிறப்பு மென்பொருள்களைக் கைவிட முடியாத நிலை ஒரு பக்கம். அரசியல் தலைமை மாறியதும் ஒரு காரணம். கதை அங்கேயும் முடியவில்லை. 2020-இல் அமைந்த புதிய கூட்டணி, முடிந்த இடத்திலெல்லாம் கட்டற்ற மென்பொருளையே நாடுவோம் என்று உடன்பட்டது. 2024-இல் அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது.

மூனிக் தரும் பாடம் என்ன? மென்பொருளை மாற்றுவது ஒரு நாள் வேலை. பழக்கத்தை மாற்றுவது பல ஆண்டு வேலை. நாம் மட்டும் மாறி, நம்மோடு கோப்புப் பரிமாறுவோர் மாறாவிட்டால் தினமும் உரசல் வரும். அதனால்தான் மென்பொருளுக்கு முன்னால் கோப்பு வடிவம் முக்கியம். 'ஓடிஎஃப்' என்ற திறந்த ஆவண வடிவம் 2006-இல் அனைத்துலகத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அதில் சேமித்த கோப்பை எந்த மென்பொருளும் திறக்கலாம்; அதன் விவரக்குறிப்பு எல்லாருக்கும் தெரிந்தது.

நம் நாட்டில்

மலேசியா இதில் பின்தங்கிய நாடு அல்ல. 2004-இல் 'மாம்பு' எனப்பட்ட நிர்வாக நவீனமயத் திட்டப் பிரிவு பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அரசு அலுவலகங்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு திறமூலத் திறன் மையமும் அமைக்கப்பட்டது. பல அரசுத் துறைகளின் வழங்கிகளில் இன்றும் லினக்ஸ் ஓடுகிறது. பல்கலைக்கழகம் போன மாணவர்கள் பாடக்குறிப்பு எடுக்கவும் இடுபணி அனுப்பவும் பயன்படுத்தும் தளங்கள் பலவற்றின் அடித்தளம் 'மூடுல்'. அது ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூஜியமாஸ் தொடங்கி, 2002-இல் முதல் பதிப்பு கண்ட கட்டற்ற மென்பொருள். ஆக, நமக்குத் தெரியாமலே நாம் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

பள்ளிகளின் நிலை கொஞ்சம் வேறு. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் கண்ட மாற்றங்களை நினைத்துப் பாருங்கள். '1பெஸ்தாரிநெட்' திட்டத்தின் வழி 'ஃபுரோக்' மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. 2019-இல் கல்வி அமைச்சு 'கூகுள் கிளாஸ்ரூம்' பக்கம் நகர்ந்தது. 2020 ஜூனில் 'டெலிமா' தளம் வந்தது. கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களின் சேவைகளும் அதன்வழி கிடைக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் டெலிமா நம்மைக் காப்பாற்றியது. அதை மறுத்தால் நன்றி மறந்தவர்கள் ஆவோம்.

ஆனாலும், ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு மாறும்போது நாம் கட்டிய பாடங்கள் தாமாக நடந்து வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு அதுவரை வரம்பின்றிக் கொடுத்த சேமிப்பிடத்தை, ஒரு நிறுவனம் முழுமைக்கும் பொதுவாக 100 டெராபைட் என்று வரையறுக்கப் போவதாக 2021-இல் கூகுள் அறிவித்தது. 2022 ஜூலை முதல் அது நடப்புக்கு வந்தது. அது அவர்கள் இடம். வரையறுப்பது அவர்கள் உரிமை. குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் புரிந்துகொள்ள வேண்டியது, நாம் அங்கே குடியிருப்பவர்கள் என்பதை மட்டுமே. 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே' என்று நம் பாட்டிமார்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஐரோப்பாவில் 2017-இல் தொடங்கிய ஓர் இயக்கத்தின் முழக்கம் எனக்குப் பிடிக்கும்: பொதுப் பணம் என்றால் பொது நிரல். மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் மென்பொருளின் மூல நிரல் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. ஒரு மாநிலம் வருகைப் பதிவேட்டுச் செயலி ஒன்றை எழுதினால், அதையே அடுத்த மாநிலமும் எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டு முறை காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆசிரியராக நாம் செய்யக்கூடியவை

நாட்டின் கொள்கையை நாம் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. நம் கையில் இருப்பதைச் செய்யலாம். நான் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

• எல்லாவற்றையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். ஒருங்குறி மென்பொருள் அல்ல, எல்லாருக்கும் பொதுவான குறியீட்டுத் தரம். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். பழைய எழுத்துருவை இன்னும் விடாமல் பிடித்திருப்பவர்கள், தயவுசெய்து இந்த விடுமுறையிலாவது மாறுங்கள்.

• திறந்த உரிமம் பெற்ற எழுத்துருக்களைப் பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, காட்டமரான் போன்றவை அத்தகையவை. சிற்றேட்டில் அச்சிடலாம், மாணவருக்கும் கொடுக்கலாம், உரிமைச் சிக்கல் வராது.

• தளத்தில் ஏற்றும் எதற்கும் உங்களிடம் ஒரு படி இருக்கட்டும். கேள்வித்தாளின் திருத்தக்கூடிய கோப்பு ஒன்று, அச்சுக்கான பிடிஎஃப் ஒன்று என இரண்டையும் வையுங்கள்.

• வாங்க வசதியில்லாத மாணவரிடம் திருட்டுப் படியைப் பற்றி மறைமுகமாகக்கூடப் பேசாதீர்கள். லிப்ரே ஆபிஸை நிறுவிக் கொடுங்கள். கேட்டல், பேச்சுப் பயிற்சிக்குக் குரல் பதிவு செய்ய 'ஆடாசிட்டி' போதும். இரண்டும் கட்டற்றவை. நேர்மையைப் பாடத்தில் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது.

• நீங்கள் தயாரித்த பயிற்சித்தாளின் அடியில், "பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம்" என்று ஒரு வரி சேருங்கள். படைப்பாக்கப் பொதும உரிமங்கள் இதற்கென்றே இருக்கின்றன. அந்த ஒரு வரி இல்லாததால்தான் நல்ல பயிற்சிகள் பல ஒரே பள்ளியின் அலமாரியில் கிடக்கின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் மடிக்கணினியிலும் தனியுடைமை மென்பொருள் இருக்கிறது. அமைச்சு கேட்கும் சில படிவங்களை அதில்தான் நிரப்ப முடிகிறது. எல்லாவற்றையும் இன்றே தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து குடியிருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

எஸ்.பி.எம். தமிழ்மொழிக் கட்டுரையில் தொழில்நுட்பம் சார்ந்த தலைப்பு வந்தால், பலரும் "கைப்பேசியின் நன்மை தீமை" என்ற பழைய பாதையிலேயே நடக்கிறீர்கள். இத்தலைப்பை வாதக் கட்டுரையாக எழுதிப் பழகலாம். 'பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்த வேண்டும்' என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். கருத்துகளை இப்படி அடுக்கலாம்.

- செலவு: உரிமக் கட்டணம் மிச்சமாகும். சான்று: கேரளா.
- நீடிப்பு: உரிமையாளர் மாறினாலும் பணி தொடரும். சான்று: லிப்ரே ஆபிஸ்.
- மொழி: சிறுபான்மை மொழியினர் தாமே தழுவிக்கொள்ளலாம். சான்று: தமிழ்வழிப் பாடநூல்.
- கற்றல்: மாணவர் பயனராக மட்டும் நின்றுவிடாமல் ஆக்குநராக உயரலாம். சான்று: லிட்டில் கைட்ஸ்.

எதிர்க்கருத்தை ஒரு பத்தியில் சொல்லி, அதற்கு மறுமொழியும் எழுதுங்கள். மூனிக் நகரம் அதற்குப் பொருத்தம். எதிர்க்கருத்தை மறைப்பவரைவிட, அதைச் சந்திப்பவரின் வாதமே வலுவானது. திருத்துபவருக்கும் அது உடனே தெரியும். "இலவசம் என்பதால் நல்லது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இலவசமும் உரிமையும் வேறு என்பதை முன்னுரையிலேயே தெளிவுபடுத்துங்கள்.

இலக்கணத்துக்கும் இங்கே வேலை உண்டு. 'கட்டற்ற' என்பதைப் பிரித்தால் கட்டு + அற்ற. நிலைமொழி வன்தொடர்க் குற்றியலுகரம். வருமொழி முதலில் உயிர் வந்ததால் உகரம் கெட்டுப் புணர்ந்தது. 'திறமூலம்' வினைத்தொகை, திறந்த மூலம், திறக்கின்ற மூலம், திறக்கும் மூலம் என விரியும். பன்மையில் 'மென்பொருள்கள்' என்று எழுதுங்கள்.

சாவி திரும்பக் கிடைத்தது

பென்டிரைவின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன், இல்லையா?

இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் பல உண்டு. நான் தேடிப் பார்த்தவற்றில் ஐயாவின் எழுத்துரு இல்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் புலம்பினேன். தன்னார்வலர் ஒருவர் எழுதி மூல நிரலோடு வெளியிட்டிருந்த ஒரு மாற்றியை அவன் எடுத்தான். ஐயாவிடம் பழைய கேள்வித்தாளின் அச்சுப்படி ஒன்று இருந்தது. அச்சையும் திரையில் தெரிந்த கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று இருவருமாக ஒரு பட்டியல் போட்டோம். அவன் அந்தப் பட்டியலை நிரலில் சேர்த்தான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, 'கே' வர வேண்டிய இடத்தில் வேறேதோ வந்து கொஞ்சம் படுத்தியது. மூன்று மாலைகளில் முடித்துவிட்டோம்.

முதல் கோப்பு தமிழில் திறந்தபோது, ஐயாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சந்தி இலக்கணப் பயிற்சி, இருபது கேள்வி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏழாவது கேள்வியில ஒரு பிழை இருக்கும்மா, அப்பவே பார்த்தேன், திருத்தாம விட்டுட்டேன். நீங்க திருத்திடுங்க" என்றார்.

திருத்திவிட்டேன். மாணவன் சேர்த்த எழுத்துருப் பட்டியலும் அந்த மாற்றியின் பொதுத் தொகுப்பில் இப்போது இருக்கிறது. இதே எழுத்துருவில் வேறு எந்த ஆசிரியரின் உழைப்பாவது எங்காவது பூட்டிக் கிடந்தால், இனி அவருக்கு மூன்று மாலைகள் தேவைப்படாது. உங்கள் பழைய பென்டிரைவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.